நாற்பது வருஷக் கேக்

...அதனாலதான் சொல்றேன் தம்பி, அந்த வாளியக் கவுத்துப் போட்டு அது மேல உக்காருங்க. நாற்காலியத்தானே தேடறீங்க? தேடாதீங்க. ஆறு நாற்காலி போட்டு சாப்பிட்ட வீடு இது. நாலு போயிடுச்சு. மிச்சம் ரெண்டுல ஒண்ணுக்குக் கால் ஆடும், இன்னொண்ணு மேல மாவு சலிச்சு வெச்சிருக்கேன். வாளி கெட்டி. பயப்படாம உக்காருங்க.

கேக் வந்துடும். வந்துடும், வந்துடும். எங்க வீட்டுக்காரருதான் சர்ச்சுலேர்ந்து எடுத்துட்டு வராரு. கேக் ஏன் சர்ச்சுல இருக்குன்னு கேப்பீங்க. கேக்கணும். கேக் பண்ணி விக்கற பொம்பளை வீட்டுல ஓவன் இல்லன்னா, யாரா இருந்தாலும் கேக்கத்தான் செய்வாங்க. அந்த மூலையப் பாருங்க. சுவத்துல சதுரமா ஒரு இடம் மட்டும் வெள்ளையா இருக்கு பாருங்க. அதுதான் என் ஓவன். அதாவது, அங்கதான் இருந்துச்சு.

எல்லாம் கொடுத்துட்டாரு தம்பி. எங்க வீட்டுல இப்ப ஒரு வள்ளல் குடியிருக்காரு.

இல்ல, நீங்க அவரப் பாத்திருப்பீங்க. நெட்டையா, காதுல பென்சில் சொருகிக்கிட்டு. லிப்ட் மெக்கானிக். இந்தப் பக்கம் எந்தக் கட்டடத்துல லிப்ட் நின்னாலும் அவரத்தான் கூப்பிடுவாங்க. நல்ல வேலைக்காரர், அதுல நான் குறையே சொல்ல மாட்டேன். ஆனா முன்னாடி எப்படி இருந்தாருங்கறீங்க? கஞ்சன்னா சாதாரணக் கஞ்சன் இல்ல. பேஸ்ட் ட்யூபு தீந்து போச்சுன்னு நான் தூக்கிப் போட்டா, எடுத்து, இடுக்கி வெச்சு நசுக்கி, இன்னும் ஒரு வாரம் பல்லு தேய்ப்பாரு. வளைஞ்ச ஆணியெல்லாம் தட்டி நிமித்தி டப்பாவுல போட்டு வெப்பாரு. விருந்தாளி பேசிக்கிட்டே கொஞ்சம் முன்னாடி குனிஞ்சா போதும், காத்து அவருக்கு வேண்டாம்போலன்னு ஃபேன நிறுத்திடுவாரு. சர்ச்சுல காணிக்கைப் பை வரும் பாருங்க, அந்த நேரத்துக்கு மட்டும் அவருக்கு ஆழ்ந்த ஜெபம் வந்துடும். கண்ண மூடினா, பை அடுத்த வரிசைக்குப் போற வரைக்கும் திறக்க மாட்டாரு. பை பிடிக்கறவரு ஒரு தடவை நின்னு பாத்தாரு. இவரும் விடல. ஜெபம் நீண்டுக்கிட்டே போச்சு. கடைசில பைக்காரருக்குத்தான் கால் வலிச்சுது.

நான் பக்கத்துல உக்காந்துக்கிட்டு வெக்கத்துல சாவேன். அதனால நானும் ஜெபம் பண்ணேன். ஆண்டவரே, இந்த மனுஷனோட கைய கொஞ்சம் திறந்து விடும்னு. கல்யாணம் ஆனதுலேர்ந்து இதே ஜெபம்தான். பாத்திரம் தேய்ச்சுக்கிட்டே பண்ணுவேன், பஸ்ல நின்னுக்கிட்டே பண்ணுவேன். எவ்வளவு திறக்கணும்னு சொல்லாம விட்டதுதான் தப்பு. நான் 'கொஞ்சம்'னுதான் சொன்னேன். மேல அது சரியா கேக்கல போல. குழாய்ல வாஷர் போனா எப்படி இருக்கும்? அப்படித் திறந்துடுச்சு.

மணி பாக்காதீங்க தம்பி. நேரம் இருக்கு. உங்க மாமனார் மாமியாருக்கு விழா சாயங்காலம்தானே? பெரியவருக்குச் சக்கரை இருக்கு, இனிப்பு பாத்துப் போடுங்கன்னு உங்க மாமியார் போன்ல எத்தனை தடவை சொன்னாங்க. எனக்கு மறக்கல. ரெண்டடுக்கு, வெள்ளை க்ரீம், ஓரத்துல ரோஜா, நடுவுல 'நாற்பது ஆண்டுகள், இன்னும் ஒன்றாக'. எழுத்து கோணக் கூடாதுன்னு ஆர்டர். எல்லாம் ஞாபகம் இருக்கு.

எங்க விட்டேன்? ஆங், திறந்த கதை. அது எப்படி ஆச்சுன்னா, போன வருஷம் ஒரு துணிக் கம்பெனிக் கட்டடத்துல லிப்ட் சரி பண்ணப் போனாரு. சரி பண்ணிட்டு, ஓடுதான்னு பாக்க உள்ள ஏறினாரு. கூடவே ஒரு அம்மா, சலவை பண்ணின துணி மூட்டையோட ஏறிட்டாங்க. ரெண்டு மாடிக்கு நடுவுல கரண்ட் போச்சு. மெக்கானிக்கே உள்ள மாட்டிக்கிட்டா யார வந்து திறக்கச் சொல்றது? அரை நாளு. வேர்த்து ஊத்துது. அந்த அம்மாகிட்ட மத்தியானத்துக்குன்னு ஒரே ஒரு பன்னு இருந்துச்சாம். அதப் பிச்சு, பெரிய பாதிய இவர்கிட்ட நீட்டினாங்களாம். இவரும் வாங்கித் தின்னுட்டாரு.

ஆனா தம்பி, இவரு கருவிப் பைக்குள்ள ஒரு முழு பிஸ்கெட் பாக்கெட் இருந்துச்சு. நான்தான் காலைல வெச்சு விட்டேன். அத வெளிய எடுக்கவே இல்ல.

அன்னிக்கு வீட்டுக்கு வந்து, செருப்பு கூடக் கழட்டாம கட்டில்ல உக்காந்து, அந்தப் பாக்கெட்ட மடியில வெச்சுக்கிட்டு அழுதாரு. நான் யாரோ செத்துட்டாங்கன்னு நினைச்சேன். "ஏங்க, என்னாச்சு?"ன்னா, "பெரிய பாதிய எனக்குக் கொடுத்தாம்மா. பெரிய பாதிய"ன்னு அதையே சொல்றாரு. அடுத்த ஞாயித்துக்கிழமை பை வந்தப்ப கண்ண மூடல. பைக்காரரு வழக்கம் போல தாண்டிப் போகப் பாத்தாரு, இவரு கையப் பிடிச்சு நிறுத்தினாரு. பாவம், அவரு பயந்துட்டாரு.

அதோட நின்னிருந்தா நான் ஏன் உங்ககிட்ட புலம்பறேன்? எங்க பாஸ்டர் வேற நல்லாப் பேசுவாரு. கொடுக்கறதுன்னா மிச்சம் மீதியக் கொடுக்கறது இல்ல, கொடுத்த இடம் நமக்கு வெறுமையாத் தெரியணும், வெளிய தெரியாம கொடுக்கணும்னு பேசினாரு. இவரு அத அப்படியே பிடிச்சுக்கிட்டாரு. வெறுமையாத் தெரியணுமாம். தெரியுதே. வீடு முழுக்கத் தெரியுதே.

நாலு நாற்காலி, கோடி வீட்டு ட்யூஷன் டீச்சருக்குப் போச்சு. புள்ளைங்க தரையில உக்காந்து எழுதுதுங்களாம். சரி, அது போகட்டும். மழைக்கோட்டு போச்சு. எப்படித் தெரியும்னா, ஒரு நாள் தொப்பலா நனைஞ்சு, சிரிச்சுக்கிட்டே வந்து வாசல்ல நிக்கறாரு. "கோட்டு எங்கங்க?" "ஒருத்தர் நனைஞ்சுக்கிட்டுப் போனாரு." "இப்ப நீங்க நனைஞ்சிருக்கீங்களே." "ஆமா, ஆனா அவரு நனையல." கொடுத்தது அவரு. ஒரு வாரம் ஜுரத்துக்குக் கஞ்சி வெச்சது நானு. சர்ச்சுல எல்லாரும் அவரப் பாத்து, என்ன மனசு, என்ன மனசுங்கறாங்க. கஞ்சி வெச்சவ மனசப் பத்தி ஒருத்தரும் பேசல.

அப்புறம்தான் ஓவன்.

எங்க அக்கா வீட்டுக்கு ரெண்டு நாள் போயிருந்தேன். திரும்பி வரேன், அந்த மூலையில நின்னு பெருக்கிக்கிட்டு இருக்காரு. "ஓவன் எங்க?"ன்னேன். "இப்ப எவ்வளவு காத்தோட்டமா இருக்கு பாரு"ன்னாரு. சர்ச்சுக்குப் பின்னாடி ஒரு சமையல் ரூம் இருக்கு. ஞாயித்துக்கிழமை யாரு வந்தாலும் சாப்பாடு போடுவாங்க. அங்க அடுப்பு ரெண்டுதான், ரொட்டி சுட வழியில்ல. அதனால என் ஓவன நாலு பேர வெச்சுத் தூக்கிட்டுப் போய்க் கொடுத்துட்டாரு.

அன்னிக்கு நான் பேசின பேச்சு இருக்கே, மேல் வீட்டுக்காரங்க டிவிய நிறுத்திட்டுக் கேட்டாங்க. "கொடுங்க, தாராளமா கொடுங்க. உங்க சட்டையக் கொடுங்க, உங்க ஸ்பேனரக் கொடுங்க. என் பொழப்பத் தூக்கிக் கொடுத்துட்டு உங்களுக்கு நல்ல பேரா?"ன்னேன். மனுஷனுக்கு மொகம் சின்னதாப் போச்சு. "நீ சொல்றது சரிம்மா. என்னோடது இல்லாதத எடுத்துக் கொடுத்தா அது தானம் இல்ல, திருட்டு. போய்க் கேட்டு எடுத்துட்டு வந்துடறேன்"ன்னு சட்டைய மாட்டினாரு.

நான்தான் விடல. கொடுத்தத திருப்பிக் கேட்டா மானம் போயிடாதா? ஒண்ணு பண்ணலாம், நான் அங்கயே போய்ச் சுட்டுக்கறேன்னேன். அன்னிலேர்ந்து காலைல முட்டைத் தட்டத் தூக்கிக்கிட்டு சர்ச்சுக்குப் போறேன். முதல் நாளே அங்க இருக்கறவங்கல்லாம் என் கையப் பிடிச்சுக்கிட்டு, ஓவன் கொடுத்தீங்களே, நல்லா இருக்கணும்ங்கறாங்க. நான் என்ன பண்ணேன்? ஐயோ, இதெல்லாம் என்னங்கன்னு தலையக் குனிஞ்சுக்கிட்டு வாங்கிக்கிட்டேன். இப்ப அங்க என் பேரே ஓவன் அம்மா. சிரிக்காதீங்க. சிரிங்க, பரவாயில்ல, சிரிங்க. நீங்க சிரிச்சா எனக்கு மீதியச் சொல்லத் தெம்பு வரும்.

மீதி என்னன்னா... தண்ணி குடிக்கறீங்களா? முதல்ல குடிங்க.

இன்னிக்குக் காலைல உங்க கேக்க முடிச்சுட்டேன் தம்பி. சத்தியமா முடிச்சுட்டேன். வெயில் ஏறறதுக்கு முன்னாடி க்ரீம் பூசி, ரோஜா வெச்சு, நாற்பது ஆண்டுகள்னு எழுதி, தள்ளி நின்னு பாத்தேன். இவ்வளவு அழகா நான் எழுதினதே இல்ல. அவரு பொட்டிய மடிச்சுக்கிட்டு இருந்தாரு, இங்க தூக்கிட்டு வர. அப்ப பாஸ்டர் கதவுகிட்ட வந்து நிக்கறாரு. ஒரு கல்யாணம், சாட்சிக் கையெழுத்துப் போடறேன்னவங்க வரல, நீங்க ரெண்டு பேரும் ஒரு அஞ்சு நிமிஷம் வரீங்களாங்கறாரு. இவரு கையெல்லாம் கிரீஸு. என் தலையெல்லாம் மாவு. அப்படியே போனோம்.

உள்ள போனா, ஆளே இல்ல தம்பி. அத்தனை பெஞ்சும் காலி. ஒரு பொண்ணு, ஒரு பையன், அவ்வளவுதான். பொண்ணு ஆஸ்பத்திரில நோயாளிங்களப் பாத்துக்கற வேலை. பையன் டைல்ஸ் ஒட்டறவன், எவ்வளவு தேய்ச்சும் நகத்துல சிமெண்டு போகல. ரெண்டு வீட்டுலயும் சம்மதம் இல்ல. அந்தப் பொண்ணு தன் புடவைக்குத் தானே ஊக்கு குத்திக்கிட்டு வந்திருக்கு, முதுகுப் பக்கம் ஒண்ணு கழண்டு தொங்குது. நான் போய் மாட்டி விட்டேன். உறுதிமொழி சொல்றப்ப அந்தப் பையன் குரல் வரல. இவரு பின்னாலேர்ந்து, "மெதுவா, மெதுவா, அவசரமில்ல"ங்கறாரு, ஏதோ லிப்ட இறக்கற மாதிரி.

முடிஞ்சுது. கையெழுத்தும் போட்டாச்சு. பாஸ்டருக்கு ஒரு சாவு வீட்டுக்குப் போகணும், ஆசீர்வாதம் பண்ணிட்டுக் கிளம்பிட்டாரு. நாங்க நாலு பேரு வாசல்ல நிக்கறோம். அந்தப் பொண்ணு என்னப் பாத்து கேக்குது, "ஆன்ட்டி, இதுக்கப்புறம் என்ன பண்ணுவாங்க?"

நிஜமாவே தெரியாம கேக்குது. கல்யாணம் முடிஞ்சா அடுத்து என்னன்னு சொல்லித்தர ஒரு ஆளு இல்ல. நான் திரும்பி சமையல் ரூம் பக்கம் பாத்தேன். நான் வாயத் திறக்கறதுக்கு முன்னாடியே அவருக்குப் புரிஞ்சு போச்சு. என் மொகத்தப் பாத்தே கண்டுபிடிச்சுட்டாரு. "ஏம்மா, வேண்டாம்"ன்னாரு.

"என்ன வேண்டாம்?"

"அது அந்தத் தம்பியோட கேக்கு. ஆர்டர் கேக்கு. நம்மளோடது இல்ல."

சொன்னது யாரு? எங்க வீட்டு வள்ளல். குறுக்க கைய நீட்டிக்கிட்டு சமையல் ரூம் கதவ மறிச்சு நிக்கறாரு. "நீதானே சொன்ன, அடுத்தவங்க பொருள எடுத்துக் கொடுக்கக் கூடாதுன்னு. நான் மனந்திரும்பிட்டேன்மா"ங்கறாரு. நான் அவரு கைக்குக் கீழ குனிஞ்சு உள்ள போயிட்டேன்.

ஆமா தம்பி. அவரு இல்ல. நான்தான். உங்க மாமனார் மாமியார் கேக்க எடுத்து அந்தப் பொண்ணு முன்னாடி வெச்சது நான்தான். இவ்வளவு நேரம் அவரத் திட்டினேனே, ஏன்னா நான் பண்ணினத எப்படிச் சொல்றதுன்னு தெரியல. முதல்லயே போன் பண்ணியிருக்கலாம்னு நினைப்பீங்க. போன்ல நீங்க திட்டுவீங்க, நான் வாய மூடிக்கிட்டுக் கேக்கணும். நேர்ல வந்தா நான் பேசுவேன், நீங்க கேப்பீங்க. அதான்.

எழுந்திரிக்காதீங்க, எழுந்திரிக்காதீங்க. முழுசாக் கேட்டுட்டுத் திட்டுங்க.

அந்தப் பொண்ணு கேக்கப் பாத்துட்டு ரெண்டு கையாலயும் வாயப் பொத்திக்கிச்சு. அப்பத்தான் எனக்கு ஒறைச்சுது, மேல 'நாற்பது ஆண்டுகள், இன்னும் ஒன்றாக'ன்னு இருக்கேன்னு. கத்தி எடுத்து, ஒரு நிமிஷம் இரும்மா, எழுத்த வழிச்சுடறேன்னு குனியறேன். அந்தப் பையன் கத்தியப் பிடிச்சுட்டான். "இருக்கட்டும் ஆன்ட்டி. அட்வான்ஸா எடுத்துக்கறோம்"ங்கறான்.

காலைலேர்ந்து ஒரு வார்த்தை சரியா பேசாதவன் தம்பி. இத எங்கேர்ந்து பிடிச்சானோ. நான் சிரிக்க ஆரம்பிச்சவதான், அழுதுக்கிட்டே சிரிக்கறேன், நிறுத்த முடியல. அவளும் சிரிக்கறா. அவரு கதவுகிட்டயே நின்னுக்கிட்டு, "திருட்டுக் கேக்குக்கு நான் சாட்சி இல்ல"ங்கறாரு, ஆனா முதல் துண்டு அவருக்குத்தான் போச்சு. நல்லா இருக்குன்னு சொன்னாரு. இனிப்பு கொஞ்சம் கம்மின்னும் சொன்னாரு.

அப்புறம்தான் யோசிச்சேன். நான் என்ன கொடுத்தேன்? ஒண்ணும் கொடுக்கல. கேக்கு உங்களோடது. கொடுத்தது நீங்கதான். எங்க பாஸ்டரு, வெளிய தெரியாம கொடுங்கன்னுதான் சொன்னாரு. கொடுத்தவருக்கே தெரியாம கொடுக்கறதுங்கறது, அவ்வளவு தூரம் அவரே கேக்கல. நீங்க அவரயும் தாண்டிட்டீங்க தம்பி. இன்னிக்குக் காலைல நீங்க பாட்டுக்கு ஆபீஸ்ல உக்காந்திருக்கீங்க, இங்க உங்க கையாலதான் ஒரு கல்யாண விருந்து நடந்துச்சு. அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிட்டேன், இது ஒரு தம்பி கொடுத்ததுன்னு. பேர் கேட்டுச்சு. ஆர்டர் கொடுத்தது உங்க மாமியாராச்சே, எனக்கு உங்க பேரே தெரியல.

...கோவமா? சொல்லிடுங்க. ஏன் மொகத்த அப்படித் திருப்பிக்கிட்டீங்க? கண்ணுல மாவு விழுந்துடுச்சா? இந்தாங்க, துண்டு. அது சுத்தம்தான்.

சரி, இப்ப கேளுங்க, உங்க விழாவுக்குக் கேக் இல்லாம இல்ல. உங்களுக்கு வேற கேக் பண்ணணும்னு அவர்கிட்ட சொல்லிக்கிட்டே மாவ எடுத்தேன். அந்தப் பொண்ணு காதுல விழுந்துடுச்சு. "இது இன்னொருத்தருக்குப் பண்ணினதா ஆன்ட்டி?"ன்னுது. நான் மழுப்பினேன். அது கேக்கல. புடவையத் தூக்கிச் சொருகிக்கிட்டு முட்டைய உடைக்க ஆரம்பிச்சுடுச்சு. கல்யாணப் பொண்ணு. கையில மோதிரம் ஏறி ஒரு மணி நேரம் ஆகல, அந்தக் கையால மாவு அடிக்குது. பையன் சும்மா நிப்பானா? க்ரீம் பூசறதப் பாத்துட்டு, "இது எங்க வேலைதான்"னு கரண்டிய வாங்கினான். டைல்ஸுக்குப் பூசற கை தம்பி. மட்டம்னா அப்படி ஒரு மட்டம். இருபது வருஷமா நான் பூசறேன், என் கேக்கு ஒரு பக்கம் சரிஞ்சுதான் இருக்கும். அவன் ஓரம் பிடிச்சான் பாருங்க, நூல் பிடிச்ச மாதிரி.

மேல எழுதறத மட்டும் அவகிட்ட விட்டுட்டு, நீங்க வர நேரமாச்சேன்னு நான் இங்க ஓடி வந்தேன். எழுத்து கொஞ்சம் கோணலா இருக்கும். உங்க மாமியார் கேட்டா என் பேரச் சொல்லுங்க, நான் ஏத்துக்கறேன்.

இருங்க, கீழ சத்தம் கேக்குது. ஜன்னல் வழியா பாக்கறேன். ...ஆமா, வராங்க. அவர மட்டும்தான் வரச் சொன்னேன், மூணு பேருமா வராங்க. பொட்டிய அந்தப் பையன் ஏந்திக்கிட்டு, பொண்ணு அது மேல குடை பிடிச்சுக்கிட்டு வருது. குடை கேக்குக்கு, அவங்களுக்கு இல்ல. எங்க வீட்டுக்காரரு முன்னாடி நடந்து வழி விலக்கறாரு, என்னமோ ராஜா வர மாதிரி. ஏங்க, பாத்து, அங்க படி உடைஞ்சிருக்கு. தம்பி, நீங்களும் வந்து பாருங்களேன், அந்தப் பொண்ணு கன்னத்துல க்ரீம் ஒட்டியிருக்கு, யாரும் சொல்லவே இல்ல போல...

தம்பி?

தம்பி, எங்க போனீங்க? ஐயோ, கோவிச்சுக்கிட்டுக் கிளம்பிட்டாரா? வாய் ஓயாம பேசினா எவன் உக்காருவான்...

...இல்ல. கீழதான் இருக்காரு. கார் கதவத் திறக்கறாரு. பொட்டிய வாங்கி உள்ள வெக்கறாரு. என்ன பேசறாங்கன்னு கேக்கலயே. அந்தப் பொண்ணு வேண்டாம் வேண்டாம்னு தலைய ஆட்டுது. பையன் தன் சட்டையப் பாத்துக்கறான். தம்பி விட மாட்டேங்கறாரு. பின் கதவையும் திறந்துட்டாரு. ஏறச் சொல்றாரு. விழாவுக்குத்தான் போல... ஆமா, விழாவுக்குத்தான். ஏறிடுச்சு, அந்தப் பொண்ணு ஏறிடுச்சு.

என்ன தம்பி? கேக்கல, சத்தமா சொல்லுங்க. நானா? நாங்களுமா? தலையெல்லாம் மாவா இருக்கேன், உங்க மாமியார் என்ன நினைப்பாங்க? ...அவரு ஏற்கெனவே முன் சீட்டுல உக்காந்துட்டாரே. வெக்கமே கிடையாது.

ஏங்க, பூட்டு எங்க? இந்தக் கதவுப் பூட்டு. காலைல இங்கதான் தொங்குச்சு. ...யாருக்கு? சைக்கிளுக்குப் பூட்டு இல்லன்னு யாரு கேட்டாங்க உங்கள?

சரி, திறந்தே கிடக்கட்டும். வந்துட்டேன் தம்பி, மொகம் மட்டும் கழுவிக்கிட்டு வந்துட்டேன்.